ஒரு வாக்கியமும் சில ஏரிகளும்

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017 செப்டம்பர் 26 அன்று ஈரநிலங்கள் பாதுகாப்பு, மேலாண்மை விதிகளை அரசிதழில் வெளியிட்டது. தொடக்கத்திலேயே, சொற்களுக்குப் பொருள் சொல்லும் பகுதியில், ஈரநிலம் எது என்று வரையறுக்கும் வாக்கியம் ஒன்று வருகிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் மனை வாங்கியவர், வாங்கப் போகிறவர், மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து மாடி ஏறியவர் எல்லோரும் படித்திருக்க வேண்டிய வாக்கியம். ஆங்கிலத்தில் இருப்பதன் பொருளைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்:

ஈரநிலம் என்பது சதுப்பு, ஊற்றுநீர்ச் சேற்றுநிலம், பீட் நிலம் அல்லது நீர்ப்பரப்பு. அது இயற்கையானதோ செயற்கையானதோ, நிரந்தரமானதோ தற்காலிகமானதோ. அதன் நீர் நிற்பதோ ஓடுவதோ, நன்னீரோ உவர்நீரோ உப்புநீரோ. கடல் வற்றும் நேரத்தில் ஆறு மீட்டருக்கு மேல் ஆழமில்லாத கடற்பகுதியும் இதில் அடங்கும். ஆனால் ஆற்றின் போக்கு, நெல்வயல், குடிநீருக்கென்றே மனிதர் அமைத்த நீர்நிலை, மீன் வளர்ப்பு, உப்பு உற்பத்தி, பொழுதுபோக்கு, பாசனம் ஆகியவற்றுக்கென்றே அமைத்த கட்டுமானம் ஆகியவை இதில் அடங்கா.

முதல் பாதி இரவல். 1971 பிப்ரவரி 2 அன்று ஈரானின் ராம்சர் நகரில் பல நாடுகள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையிலிருந்து வந்தது. இந்தியா அதில் 1982-இல் சேர்ந்தது. 'ஆனால்' என்பதற்குப் பிறகு வருவது முழுக்க நம்முடையது. இரண்டு பாதிக்கும் சம இடம் கொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. நம் விலாசம் இருப்பது இரண்டாவதில். இருந்தாலும் வரிசையாகவே போவோம்.

"சதுப்பு, ஊற்றுநீர்ச் சேற்றுநிலம், பீட் நிலம் அல்லது நீர்ப்பரப்பு"

சதுப்பு என்றால் சென்னைக்காரர் பள்ளிக்கரணையைக் காட்டிவிடுவார். நீர்ப்பரப்புக்கு விளக்கம் தேவையில்லை. இடையில் நிற்கும் பீட் நிலம்தான் நமக்குப் புதிது. செத்த செடிகொடிகள் நீருக்கடியில் காற்றுப் படாமல் கிடந்து, மக்கியும் மக்காமலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்த கருமண் அது. காயவிட்டால் எரியும். உலக நிலப்பரப்பில் சுமார் 3 விழுக்காடுதான் இவ்வகை நிலம். ஆனால் மண்ணுக்குள் இருக்கும் கார்பனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதற்குள் பூட்டிக் கிடக்கிறது.

சென்னையின் இந்த மேற்குப் புறநகரில் பீட் கிடையாது. நமக்குக் கிட்டத்தில் வேண்டுமென்றால் நீலகிரிக்கு ஏற வேண்டும். அங்கே புல்மேடுகளுக்கு நடுவே பள்ளங்களில் இருக்கும் சதுப்பில் துளையிட்டு எடுத்த கருமண்ணை ஆராய்ந்து, ராமன் சுகுமார் உள்ளிட்ட அறிவியலாளர்கள் 1993-இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த மண்ணில் உள்ள கார்பனின் வகையைப் பார்த்தே, எந்தக் காலத்தில் மலையில் புல் மிகுந்தது, எந்தக் காலத்தில் சோலை பரவியது, பருவமழை எப்போது ஓங்கியது என்று கடந்த இருபதாயிரம் ஆண்டு வானிலையைச் சொன்னார்கள். அப்படிப்பட்ட பள்ளங்கள் பலவற்றில் வடிகால் வெட்டித் தண்ணீரை இறக்கிவிட்டு இன்று கேரட்டும் உருளைக்கிழங்கும் விளைகின்றன.

பீட் நிலத்தைக் கெடுப்பது எப்படி, சரிசெய்வது எப்படி என்பதற்கான பெரிய பாடம் இந்தோனேசியாவில் இருக்கிறது. அதிபர் சுகார்த்தோ 1990-களின் நடுவில் மத்திய கலிமந்தானில் பத்து லட்சம் எக்டேரை நெல்வயலாக்கப் போவதாகச் சொல்லி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்ட வைத்தார். நெல் விளையவில்லை. தண்ணீர் வடிந்தது, பீட் காய்ந்தது, தீப்பிடித்தது. 2015-இல் எழுந்த புகை சிங்கப்பூர் வரைக்கும் மூச்சுத் திணற வைத்தது. மறு ஆண்டு பீட் நிலங்களை மீட்பதற்கென்றே தனி முகமை அமைத்தார்கள். அது செய்த முதல் காரியம் வெட்டிய கால்வாய்களைத் திரும்ப அடைத்தது. நீர்மட்டம் ஏறினால் தீ நிற்கும். அவ்வளவு எளிது, அவ்வளவு கடினம். ஏனென்றால் அடைப்பைப் பிடுங்கிவிட ஊரில் ஆளுக்கொரு காரணம் இருக்கும். படகு போக வேண்டும், மரம் இழுக்க வேண்டும், எண்ணெய்ப்பனைக்கு வேரடி காய வேண்டும். அடைப்பைக் காக்கவும் ஒரு காரணம் வேண்டுமே? அந்த இடத்தில்தான் மீன் வருகிறது. அங்குள்ள தாயக் மக்கள் வெள்ளக்காட்டில் குழி வெட்டி வைத்து, வெள்ளம் வடிந்ததும் அதில் தங்கும் மீனைப் பிடிக்கும் 'பேஜே' என்ற பழைய முறையை வைத்திருக்கிறார்கள். தண்ணீர் இருந்தால்தான் அதில் மீன்.

பீட் நீர் புளித்த நீர், உயிர்க்காற்றும் குறைவு. கட்லாவும் ரோகுவும் அதில் பிழைக்காது. வாயை மேலே தூக்கி நேராகக் காற்றைக் குடிக்கும் மீன்கள் பிழைக்கும்: விரால், தேளி, பனையேறிக் கெண்டை. மூன்றும் நம் ஏரிச் சேற்றுக்கும் சொந்தக்காரர்கள். பனையேறி உண்மையிலேயே பனை ஏறியதைத் தரங்கம்பாடியில் கண்டதாக டேனிஷ் கம்பெனியில் இருந்த டால்டார்ஃப் என்ற லெப்டினன்ட் எழுதி 1797-இல் லண்டன் லின்னேயச் சங்கத்தின் வெளியீட்டில் அச்சானது. ஏறியதா, பறவை கொத்திக்கொண்டு போய் வைத்ததா என்று இன்றும் சண்டை இருக்கிறது. எனக்குப் பனைமரம் முக்கியமில்லை. கெட்ட தண்ணீரில் எந்த மீன் மிஞ்சும் என்று அந்தப் பெயர் சொல்லிவிடுகிறது. ஆவடிப் பக்கத்து ஏரி ஒன்றில் வலை வீசி வெறும் தேளியும் ஜிலேபியும் மட்டும் வந்தால் ஆய்வகத்துக்குப் போகாமலே பாதி தெரிந்துவிடும்.

"இயற்கையானதோ செயற்கையானதோ"

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை வாக்கியத்தின் மிகப் பெரிய சொல் இது. இங்கே இயற்கை ஏரி என்று விரல்விட்டு எண்ணலாம். மற்றதெல்லாம் வெட்டியது, சரியாகச் சொன்னால் வெட்டியதுகூட இல்லை, சரிவுக்குக் குறுக்கே பிறைபோலக் கரை போட்டு ஓடுகிற மழைநீரை நிறுத்தியது. மாநிலத்தில் 39,000-க்கும் மேல் இருப்பதாகக் கணக்கு. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே சொல்வார்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் அதில் இருந்தவை. உத்திரமேரூர்க் கல்வெட்டில் முதலாம் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, ஏரி வாரியம் என்று தனி வாரியம் இருக்கிறது. குடவோலையைப் பள்ளிப் பாடத்தில் படித்த நமக்கு, அந்த ஓலை யாரைத் தேர்ந்தெடுத்தது என்பது மறந்துபோயிருக்கலாம்; ஏரியைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களையும் அதுதான் தேர்ந்தெடுத்தது.

அதே கல்வெட்டுக் காலத்துச் சொல் ஒன்று, பாசிப்பாட்டம். ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்குச் செலுத்தும் தொகை. அந்தத் தொகையை ஏரியை ஆழப்படுத்தவும் கரை கட்டவும் ஒதுக்கி வைத்த கல்வெட்டுகள் உண்டு. மீன் கொடுக்கிற பணம் மீன் இருக்கிற தண்ணீருக்கே திரும்பிப் போகும். இன்றும் ஊராட்சிகளில் 'மீன்பாசி ஏலம்' என்றுதான் சொல்கிறார்கள். பெயர் பிழைத்துவிட்டது, பணம் போகும் வழி மாறிவிட்டது. ஏலத்தொகை ஒரு கணக்கில் விழும். தூர்வாரும் செலவு வேறொரு துறையின் திட்டத்திலிருந்து, வந்தால் வரும்.

2010-இல் வந்த முந்தைய விதிகள் ஏரியைப் பெயர் சொல்லியே அழைத்திருந்தன. ஏரி, குளம், நீர்த்தேக்கம், மனிதர் உண்டாக்கிய ஈரநிலம் எல்லாம் உள்ளே என்று அதில் இருந்தது. ஏழே ஆண்டில் அந்தப் பட்டியல் போய், 'செயற்கையானதோ' என்ற ஒற்றைச் சொல் மட்டும் மிஞ்சியது. அதையும் வாக்கியத்தின் கடைசியில் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள்.

"நிரந்தரமானதோ தற்காலிகமானதோ"

சித்திரையில் கிரிக்கெட் ஆடுகிற மைதானம் கார்த்திகையில் ஏரியாக இருப்பது நமக்கு அதிசயம் இல்லை. அதிசயம் என்று நினைப்பவர்கள் சித்திரையில் மனை பார்க்க வருகிறவர்கள்.

மீன் வளர்ப்பவருக்கு இது நாள்கணக்கு விவகாரம். ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பிய ஏரி பங்குனி, சித்திரையில் வற்றும் என்றால் கையில் இருப்பது ஐந்தாறு மாதம். பொடிக்குஞ்சு விட்டால் எடை வராது. விரால் விழுங்கியதுபோக மிச்சமும் இருக்காது. விரல் நீளத்துக்கு மேல் வளர்த்து எடுத்த குஞ்சாக விட்டால் தண்ணீர் இறங்குவதற்குள் விற்கும் எடைக்குக் கொண்டுவரலாம். மேல்நீரில் மேயும் கட்லா, நடுநீரில் ரோகு, தரையில் மேயும் மிர்கால் என்று மூன்று தட்டுக்கும் ஆள் வைப்பது வழக்கம். பிறகு தண்ணீர் வற்ற வற்ற வலை போட்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். எடுபடாமல் சேற்றுக்குள் புதைந்துகொள்ளும் விரால் அடுத்த மழைக்குத் தானாக எழும். வற்றிக் காய்வதும் ஏரிக்கு நல்லதுதான். அடிச்சேறு வெயில் பட்டு வெடித்தால் தேங்கிய அழுக்கு காற்றோடு சேர்ந்து சிதையும். வண்டல் மண் வயலுக்குப் போகும்.

வற்றாத ஏரியைப் பார்த்தால் இப்போது எனக்குச் சந்தேகம் வருகிறது. கோடை நடுவில், மழை இல்லாமல், கால்வாயில் மேற்கிலிருந்து வரத்து இல்லாமல், நிரம்பித் ததும்பும் ஏரியில் இருப்பது யார் வீட்டுத் தண்ணீர்?

"நிற்பதோ ஓடுவதோ, நன்னீரோ உவர்நீரோ உப்புநீரோ, ஆறு மீட்டர்"

சீக்கிரம் தாண்டிவிடலாம். ஆறு மீட்டர் வரம்பு கடலுக்கு மட்டும். இருபத்துநாலு அடி, அதாவது ஏழு மீட்டருக்கும் மேல் தேங்கும் செம்பரம்பாக்கத்தை இதைக் காட்டி வெளியே தள்ள முடியாது. உவர்நீர் என்றதும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே பழவேற்காடு இருக்கிறது. உவர்நீர் மீன் வளர்ப்பு எப்படி நடக்கக் கூடாது என்பதற்கு நாகப்பட்டினம் சாட்சி. இறால் பண்ணைகள் வயலையும் குடிநீரையும் உப்பாக்கியதை எதிர்த்து சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. கடலோர மீன் வளர்ப்புக்குத் தனிச் சட்டம் 2005-இல் வந்ததற்கு அது வழி. அதன் ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. ஏரிக்கு அப்படி ஒரு ஆணையம் கிடையாது.

நிற்பது, ஓடுவது என்ற பிரிவினை ஏரிச் சங்கிலிக்குப் பொருந்தாது. அம்பத்தூர் ஏரியின் கலங்கல் வழிந்தால் கொரட்டூருக்கு, அங்கே வழிந்தால் மாதவரத்துக்கு. மேல் ஏரியின் உபரி கீழ் ஏரியின் வரத்து. நிற்கிற மாதிரித் தெரிந்தாலும் ஓடிக்கொண்டிருக்கிற தண்ணீர்தான் அது. ஒன்றில் விட்ட கழிவு மூன்றுக்கும் சொத்து.

"ஆனால் ஆற்றின் போக்கு, நெல்வயல்"

ஆற்றுக்கு வேறு சட்டம் இருக்கிறது என்று சொல்லலாம். கூவத்தைப் பார்த்த யாரும் அதை நம்பிச் சொல்ல மாட்டார்கள். நெல்வயலை விட்டது உழவரைத் தொல்லை செய்யக் கூடாது என்ற நியாயத்தில், அதை ஏற்கலாம். அம்பத்தூரில் விடுவதற்கு வயலும் இல்லை.

"குடிநீருக்கென்றே மனிதர் அமைத்த நீர்நிலை"

'என்றே' என்பதைக் கவனிக்க வேண்டும். விதியை எழுதியவர்கள் வேண்டுமென்றே போட்ட சொல்.

சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகளை இந்தச் சொல்லால் அளந்து பார்ப்போம். பூண்டி நீர்த்தேக்கம் கொசஸ்தலையாற்றின் குறுக்கே சென்னைக் குடிநீருக்காகவே கட்டி 1944-இல் முடிந்தது. சத்தியமூர்த்தி மேயராக இருந்தபோது தொடங்கியதால் அவர் பெயர். சந்தேகமில்லை, 'என்றே' அமைத்தது. புழல் அப்படி இல்லை. முன்பே ஊர்ப் பாசனத்துக்கு இருந்த ஏரி. 1870-களில் நகரத்துக்குக் குழாய்வழித் தண்ணீர் கொடுக்கத் தொடங்கியபோது பெரிதாக்கி எடுத்துக்கொண்டார்கள். பூந்தமல்லிக்குத் தெற்கே இருக்கும் செம்பரம்பாக்கமும் நெல்லுக்காகக் கட்டிய பழைய ஏரி. பிற்காலத்தில்தான் நகரம் அதன்மேல் கை வைத்தது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் அந்த ஏரியின் பெயரை 2015 டிசம்பருக்குப் பிறகு அடையாற்றங்கரையில் யாரும் மறக்கவில்லை.

எழுத்தை எழுத்தாகவே எடுத்துக்கொண்டால் இந்த விலக்கு பூண்டிக்குத்தான் பொருந்தும். புழலும் செம்பரம்பாக்கமும் இந்த வாசலில் வெளியேறவில்லை. கவலைப்பட வேண்டாம், அவர்களுக்குக் கடைசி வாசல் திறந்திருக்கிறது.

குடிநீர் ஏரியில் மீன் இருக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இருக்க வேண்டும். தீவனம் கொட்டி வளர்ப்பதுதான் கூடாது. ஏரியில் தானாக விளையும் பாசியையும் நுண்ணுயிரையும் தின்று வளரும் மீனைப் பிடித்து வெளியே எடுத்தால், அந்த மீனோடு தண்ணீரில் கரைந்திருந்த சத்தும் கொஞ்சம் வெளியே போகிறது. அம்பத்தூரில் மீன் வாங்கும்போது, "இது எந்த ஏரி மீனு அக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "செம்பரம்பாக்கம் சார், உயிர் மீனு. செதில பாத்தா தெர்ல?" என்று பதில் வரும். கூடையில் எங்கிருந்து வந்த மீன் இருந்தாலும் வாயில் வருவது செம்பரம்பாக்கம். பக்கத்திலேயே பரந்து கிடக்கும் ஏரியின் பெயரைச் சொல்லி யாரும் விற்பதில்லை. பக்கம் பக்கமாக ஆய்வறிக்கை எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய தகவல் இது.

"மீன் வளர்ப்புக்கென்றே அமைத்த கட்டுமானம்"

ஒருவர் தன் பட்டா நிலத்தில் பண்ணைக்குட்டை வெட்டி மீன் விடுகிறார். நாளை அதை மூடிக் கத்தரி போட நினைக்கிறார். ஈரநிலம் என்று சொல்லி அவரைத் தடுப்பது அநியாயம். அந்த அளவில் இந்த விலக்கு சரி. வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய்த் தொட்டி வைத்து பயோஃப்ளாக் முறையில் வளர்ப்பவருக்கும் அதே நியாயம். வெல்லப்பாகு ஊற்றி நுண்ணுயிரைப் பெருக்கி, மீன் கழிக்கும் அம்மோனியாவை அந்த நுண்ணுயிரே தின்னும்படி செய்யும் முறை அது. தண்ணீர் மாற்ற வேண்டியதில்லை, கழிவு வெளியே போகாது. ஆனால் காற்று ஏற்றும் மோட்டார் இரவும் பகலும் ஓட வேண்டும். மின்சாரம் சில மணி நேரம் போனால் தொட்டி முழுக்க மிதக்கும். 2020-இல் வந்த பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் இதற்கு மானியம் உண்டு. இதைப் புதுமை என்று மேடையில் புகழ்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பக்கத்தில் மோட்டாரே இல்லாமல் மீன் வளர்த்துக்கொண்டிருந்த ஏரிக்கும் ஒரு மேடை கொடுத்தால் நன்றாக இருக்கும்.

விலக்கு இடறுவது கொல்கத்தாவில். அந்நகரின் கிழக்கே 12,500 எக்டேர் பரப்புள்ள ஈரநிலத்துக்குள் 'பேரி' என்று சொல்லும் மீன்குளங்கள் இருக்கின்றன. நகரத்தின் சாக்கடை கால்வாய் வழியாக அங்கே போகிறது. ஆழம் குறைந்த குளத்தில் தேக்கி வைத்தால் வெயிலில் பாசி பெருகும். பாசி பகலில் வெளிவிடும் உயிர்க்காற்றில் அழுக்குச் சிதையும். பாசியை மீன் தின்னும். மீனை நகரம் தின்னும். இதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் துருவஜோதி கோஷ் என்ற பொறியாளர். சாக்கடையைச் சுத்திகரிக்க எந்திரம் தேடிப் போனவர், அதைக் காலங்காலமாகச் செய்துவரும் மீனவர்களைக் கண்டுகொண்டார். 2002-இல் அது ராம்சர் இடமானது. குளங்கள் எல்லாம் மீன் வளர்ப்புக்கென்றே அமைத்தவை! ராம்சர் பட்டியலில் இருப்பதால் விதிகள் அதற்குச் செல்லும். பட்டியலில் இல்லாத அதே மாதிரிக் குளம் என்றால் அது ஈரநிலமே இல்லை.

கொல்கத்தாவைப் பார்த்து அம்பத்தூரில் செய்யலாமே என்று கூட்டங்களில் பேச்சு வரும். நான் சம்மதிக்க மாட்டேன், இப்போதைக்கு. அங்கே போவது பெரும்பாலும் வீட்டுக் கழிவு. இங்கே 1960-களில் உருவான தொழிற்பேட்டை இருக்கிறது. எந்திரப் பட்டறைகளோடு மின்முலாம் பூசும் கூடங்களும் இருக்கின்றன. குரோமியத்தையும் நிக்கலையும் எந்தப் பாசியும் தின்று ஒழிக்காது. அடிச்சேற்றில் தங்கும், சேற்றை மேயும் மிர்காலுக்குள்ளும் கெண்டைக்குள்ளும் ஏறும், பிறகு குழம்புக்கு வரும். வீட்டுக் கழிவையும் ஆலைக் கழிவையும் தனித்தனிக் குழாயில் பிரித்த பிறகுதான் மீன் பேச்சு. எந்தப் புதுமையும் இந்த வரிசையைத் தாண்ட முடியாது. கலிமந்தானில் முதலில் கால்வாயை அடைத்தார்கள், மீன் பிறகு வந்தது. இங்கேயும் முதலில் அடைக்க வேண்டியது குழாயைத்தான்.

மீன் செத்து மிதக்கும் செய்தி ஆண்டுதோறும் சென்னை ஏரி ஏதாவது ஒன்றிலிருந்து வருகிறது. பெரும்பாலும் கோடை முடிந்து முதல் மழை பெய்த மறுநாள். கால்வாயில் மாதக்கணக்கில் தேங்கியிருந்த சாக்கடை ஒரே இரவில் ஏரிக்குள் தள்ளப்படும். இரவில் பாசியும் உயிர்க்காற்றைத்தான் உள்ளே இழுக்கும். விடியும் நேரத்தில் தண்ணீரில் மூச்சு விட ஏதும் இருக்காது. ஐந்து மணிக்குக் கரையில் நின்றால் தெரியும்: கட்லா முதலில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், ஜிலேபி இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும், தெர்மாகோல் தெப்பத்தில் வலையோடு கிளம்பியவர் வலையை வீசாமலே கையால் அள்ளுவார். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபி இன்று இந்த ஏரிகளை ஆள்கிறது என்றால், இந்த விடியற்காலைகளைத் தாங்கும் சக்தி அதற்கு இருப்பதும் ஒரு காரணம்.

"உப்பு உற்பத்தி, பொழுதுபோக்கு"

உப்பளம் நம் பக்கம் இல்லை.

பொழுதுபோக்கு இருக்கிறது. ஆவடி பருத்திப்பட்டு ஏரி ஒரு காலத்தில் பாசன ஏரி. பிறகு ஆகாயத்தாமரையும் சாக்கடையும் நிரம்பிய பள்ளம். சுமார் 87 ஏக்கர் பரப்புள்ள அதை 28 கோடி ரூபாய் அளவில் செலவிட்டுத் தூர்வாரி, நடைபாதையும் படகுத்துறையும் அமைத்து 2019-இல் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். மாலையில் போனால் நடக்க இடம் கிடைக்காது. கூழைக்கடா வந்து உட்காருகிறது. குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பணம் இல்லாமல் அந்தக் கரை இன்று குப்பைமேடாக இருந்திருக்கும்.

சட்டக் கேள்வி அப்படியே நிற்கிறது. பொழுதுபோக்குக்கென்று அமைத்தது என்று யாராவது ஒரு கோப்பில் எழுதிவிட்டால் ஏரியை இந்த வழியாகவும் வெளியே அழைத்துப் போய்விடலாம். அறிவிக்கப்பட்ட ஈரநிலமாக இருந்தால், கடந்த பத்தாண்டு வெள்ள மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டருக்குள் படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டடம் எதுவும் கூடாது என்று இதே விதிகளின் நாலாவது விதி சொல்கிறது. ஐம்பது மீட்டர்! பருத்திப்பட்டிலோ அயப்பாக்கத்திலோ ஏரியிலிருந்து ஐம்பது மீட்டர் நடந்து பாருங்கள், எத்தனை வீட்டு வாசலைத் தாண்டுகிறீர்கள் என்று. விலக்குகள் ஏன் இத்தனை என்பதற்குப் பதில் அங்கே இருக்கிறது.

"பாசனம் ஆகியவற்றுக்கென்றே அமைத்த கட்டுமானம்"

கடைசிச் சொல். மாநிலத்தின் 39,000 ஏரிகளும் ஏறக்குறைய மொத்தமாக வெளியேறும் வாசல்.

வேடந்தாங்கல் ஓர் ஏரி, மதகு வைத்த பாசன ஏரி. கரிக்கிலியும் அப்படியே. இரண்டும் 2022-இல் ராம்சர் இடங்களாயின. தமிழ்நாட்டில் இப்போது 20 ராம்சர் இடங்கள், நாட்டிலேயே அதிகம். அவற்றில் பல பாசனத்துக்குக் கட்டிய ஏரிகள். உலகம் மதிக்கும் ஈரநிலமாக இருக்க ஓர் ஏரிக்குப் பாசனம் தடையில்லை என்று நாமே விண்ணப்பம் போட்டு நிரூபித்திருக்கிறோம். அதே ஏரியைச் சட்டத்தின் வரையறை ஈரநிலமல்ல என்கிறது.

'என்றே' என்பதை இங்கேயும் போட்டுப் பார்க்கலாம். பாசனத்துக்கென்றே கட்டிய ஏரி தமிழ்நாட்டில் ஒன்றாவது உண்டா? அதில்தான் மாடு குளித்தது, வண்ணார் துறை இருந்தது, கோரை அறுத்தார்கள், வண்டல் அள்ளினார்கள், மீன்பாசி ஏலம் போனது, ஊர்க் கிணறுகளுக்கு ஊற்று வந்தது. பாசிப்பாட்டத்தைக் கல்லில் வெட்டிய ஊர்ச்சபைக்கு ஏரி ஒரே ஒரு காரியத்துக்கானது என்ற எண்ணமே இருந்திருக்காது. ஒரு நீதிமன்றத்தில் இதை எடுத்துச் சொன்னால் எடுபடுமா என்பது வழக்கறிஞர்கள் பாடு. உரை எழுதுகிறவன் வாசகத்துக்குள் இருக்கிற இடத்தைக் காட்டலாம்.

கொரட்டூர் ஏரிக்கு வாருங்கள். மதகு இருக்கிறது, ஆயக்கட்டு இல்லை. மதகின் கீழே வயல் இருந்த இடத்தில் தெருக்கள். எதற்குப் பாசனம், மொட்டைமாடித் துளசிக்கா? பதிவேட்டில் இன்னும் பாசன ஏரி. ஆக, பாசனமும் செய்யாது, பாசன ஏரி என்பதால் ஈரநிலமாகவும் ஆகாது. ஊர்மக்கள் ஏரிப் பாதுகாப்பு இயக்கம் தொடங்கி, கழிவுநீர் கலப்பதை எதிர்த்து பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனபோது நீர் மாசுச் சட்டத்தையும் உள்ளாட்சியின் கடமையையும்தான் பற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ஈரநில விதிகள் அந்த ஏரிக்கு ஒரு துணையும் செய்யவில்லை. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் மாநிலம் செய்த தனிச் சட்டம் இருக்கிறது. அது எல்லையைக் காக்கும். தண்ணீர் எப்படி இருக்கிறது என்பது அதன் வேலை அல்ல.

உச்ச நீதிமன்றம் ஒரு வாசலை மட்டும் சாத்தியிருக்கிறது. இஸ்ரோவின் அகமதாபாத் மையம் செயற்கைக்கோள் படங்களை வைத்து எண்ணிய 2,01,503 ஈரநிலங்களுக்கும் 2010 விதிகளின் நாலாவது விதியில் சொன்ன காப்பு தொடர வேண்டும் என்று பாலகிருஷ்ணன் வழக்கில் 2017-இல் ஆணையிட்டது. 2.25 எக்டேருக்கு மேற்பட்ட நீர்நிலைகள் அந்த எண்ணிக்கையில் அடக்கம். செயற்கைக்கோளுக்கு வருவாய்த் துறையின் அ-பதிவேடு படிக்கத் தெரியாது. தண்ணீர் தெரிந்தால் எண்ணிக்கொள்ளும். எதற்காகக் கட்டியது என்று கேட்காது. இந்த இடத்தில் எனக்கு எந்திரத்தின் கண் பிடித்திருக்கிறது.

மாநில அரசின் கையிலும் வழி இருக்கிறது. ஈரநில இயக்கம் என்று 2021-இல் அறிவித்து, ஐந்தாண்டில் நூறு ஈரநிலங்களைக் கண்டறிந்து மீட்பதாகச் சொன்னார்கள். ஆயக்கட்டு அழிந்துபோன புறநகர் ஏரிகளைப் பாசனப் பதிவிலிருந்து எடுத்து, மாநிலமே ஈரநிலமாக அறிவித்துவிட்டால் கடைசிச் சொல் அவற்றைத் தொடாது. கூடவே, அந்த ஏரியின் மீன்பாசி ஏலத்தொகையை அதே ஏரியின் கணக்கில் போட்டு, கலங்கலுக்கும் வரத்துக் கால்வாய்க்கும் மட்டும் செலவிடலாம். தொகை சிறியதுதான். ஆனால் குத்தகை எடுக்க வருகிறவர் விலை சொல்வதற்கு முன் ஏரியைச் சுற்றி வந்து, எந்தக் குழாய் எங்கே திறக்கிறது, மழைக்கு மறுநாள் என்ன மிதக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். கொரட்டூருக்கு ஒரு நல்ல விலையை அவர் எந்த ஆண்டில் சொல்கிறார் என்று குறித்து வைத்துக்கொள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.